கருப்பியின் இரண்டாவது ஈற்றுக்காகக் கட்டிய குட்டிப் பெட்டி

என் பன்றி கருப்பியின் தலையீற்றில் 11 குட்டிகள் உயிரோடு பிறந்தன. மூன்றாம் நாள் முடிவில் 7தான் மிஞ்சின. இரண்டு குட்டிகள் தாயின் உடம்புக்கு அடியில் கிடந்தன. ஒன்று விடியற்காலையில் மூலையில் விறைத்துக் கிடந்தது. நான்காவது, இரண்டு நாள் தள்ளாடிக்கொண்டிருந்து மூன்றாம் நாள் மதியம் அடங்கிவிட்டது.

நான் தாயைத்தான் குறை சொன்னேன். முதல் ஈற்று, பக்குவம் போதவில்லை, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் படுக்கிறாள் என்று நினைத்தேன். நசுங்கிய இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அருகில் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டின் இரைப்பையும் காலி. ஒரு சொட்டுப் பால்கூட இல்லை.

"பால் குடித்துத் தெம்பாக இருந்தால், தாய் படுக்கப் போகிறது என்று தெரிந்ததுமே குட்டி விலகி ஓடியிருக்கும். இவை ஓடவில்லை. குளிரில் ஏற்கெனவே சுருண்டு போயிருக்கின்றன. சூட்டுக்காகத் தாயோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன. நீங்கள் கொட்டிலைப் பாருங்கள்" என்றார்.

அன்று கொட்டிலில் என்ன இருந்தது என்று யோசித்தேன். வெறும் சிமெண்ட் தரை. ஒரு மூலையில் ஒரு மீட்டருக்கும் மேலே தொங்கிய ஒரு ஹீட் பல்பு. அதற்குக் கீழே ஒரு சாக்கு. பல்பு எரிந்தது என்னவோ உண்மை. ஆனால் அதன் அடியில் ஒரு குட்டிகூடப் படுத்து நான் பார்த்ததில்லை. எல்லாம் தாயின் மடியோரம்தான் கிடந்தன. அந்தக் கொட்டிலில் சூடான இடம் என்று ஒன்று இருந்தால், அது கருப்பியின் வயிறு மட்டும்தான். 200 கிலோ உடம்புக்குப் பக்கத்தில் ஒன்றேகால் கிலோக் குட்டிகளைப் படுக்க வைத்தது நான்தான்.

அடுத்த ஈற்றுக்குள் இதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று இறங்கினேன். பன்றிக்குச் சினைக்காலம் சுமார் 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது. எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

ஒரே கொட்டிலில் இரண்டு சூடு

குட்டி தாயின் வயிற்றுக்குள் 39 டிகிரியில் இருக்கிறது. வெளியே வந்து விழுவது 20 டிகிரிக் கொட்டிலில், அதுவும் உடம்பு முழுக்க ஈரத்தோடு. ரோமம் பேருக்குத்தான். தோலுக்கு அடியில் போர்வைபோல இருக்க வேண்டிய கொழுப்பும் கிடையாது. பிறந்த குட்டியின் எடையில் கொழுப்பு 2 சதவீதம் அளவுதான். வேறு பல விலங்குகளின் குட்டிகளுக்குச் சூடு உண்டாக்குவதற்கென்றே பழுப்புக் கொழுப்பு இருக்கும். பன்றிக் குட்டிக்கு அது இல்லை. ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரையை எரித்து, நடுங்கி நடுங்கித்தான் அது தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் அந்தக் கையிருப்பு ஒரு நாள்கூடத் தாங்காது. பிறந்த அரை மணி நேரத்திலேயே உடம்புச் சூடு 2 டிகிரி வரை இறங்கிவிடும். சூடு இறங்கிய குட்டி மந்தமாகிவிடும், காம்பைத் தேடிப் போகாது. பால் இல்லாவிட்டால் இன்னும் சூடு இறங்கும். கடைசியில் அது தாயோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். மருத்துவர் சொன்னது இந்தச் சுழலைத்தான்.

அப்படியானால் கொட்டில் முழுவதையும் சூடாக்கிவிடலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அது தப்பு. பிறந்த குட்டிக்கு இதமான சூடு 34 டிகிரியை ஒட்டியது. தாய்க்கு 18 முதல் 20 வரை இருந்தால் சுகம். 25ஐத் தாண்டினால் தாய் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், தீனி குறையும், தீனி குறைந்தால் பாலும் குறையும். புழுக்கம் தாங்காமல் எழுந்து எழுந்து படுக்கும். குட்டிகளுக்கு ஆபத்தே தாய் எழுந்து படுக்கும்போதுதான். ஆக, தாய்க்குக் குளிர்ச்சியான இடமும் குட்டிக்குச் சூடான இடமும் ஒரே கொட்டிலில் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குட்டி உள்ளே போக முடிய வேண்டும், தாயின் உடம்பு போக முடியக்கூடாது. தாயின் மடியைவிட அந்த இடம் குட்டிக்குச் சுகமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தாயை ஈற்றுக் கூண்டில் அடைத்துவிடுவது இன்னொரு வழி. சுமார் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கூண்டில் தாயால் திரும்ப முடியாது, மெதுவாகத்தான் படுக்க முடியும். நசுங்கிச் சாகும் குட்டிகள் குறைவது உண்மைதான். ஆனால் ஈனப் போகும் பன்றி கூடு கட்டத் தவிக்கும் தவிப்பைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்த நேரத்தில் அவளைக் கம்பிக்குள் நிறுத்த மனம் வரவில்லை. சுவீடன், நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகள் இந்தக் கூண்டுக்குத் தடை போட்டும் பன்றி வளர்க்கின்றன. அங்கே முடிகிறதென்றால் நானும் முயன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

காப்புக் கம்பி

பன்றி படுப்பதைப் பொறுமையாகக் கவனித்தேன். முதலில் முன்னங்கால்களை மடித்து மண்டியிடுகிறாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். அப்புறம் பின்பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சுவரோடு வழுக்கியபடி பொத்தென்று இறங்குகிறாள். கடைசி ஒரு முழத்தில் அவளுக்கே கட்டுப்பாடு இல்லை. சுவருக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் குட்டி இருந்தால் அதற்குத் தப்ப வழியே இல்லை.

அதனால் மூன்று சுவர்களிலும் கம்பி ஓட்டினேன். வெளிவிட்டம் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சுவரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில். தாயின் முதுகு கம்பியில் நின்றுவிடும். கம்பிக்கு அடியிலும் பின்னாலும் குட்டி ஓடும் சந்து கிடைக்கும்.

இதில் மூன்று தடவை பிழை செய்தேன். மூன்றையும் எழுதிவிடுகிறேன், அடுத்தவர் செய்யாமல் இருக்கட்டும்.

முதலாவது, பிளாஸ்டிக் அடைப்பானும் சின்ன ஸ்க்ரூவும் போட்டது. கருப்பி முதல் நாள் சாய்ந்ததுமே ஒரு முனை சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டது. குட்டிகள் இருக்கும்போது அப்படி ஆகியிருந்தால் கம்பியே அவற்றை நசுக்கியிருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 10 சென்டிமீட்டர் நீள ஆங்கர் போல்ட் போட்டேன். முட்டுகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் விடவில்லை. பொருத்தி முடித்ததும் நானே கம்பியின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன்.

இரண்டாவது, வலுவுக்காகக் கம்பியிலிருந்து தரைக்குக் கால் கொடுத்தது. பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் குட்டி ஓடும் சந்தின் குறுக்கே அந்தக் கால்கள் நின்றன. பயந்து ஓடும் குட்டி அங்கே முட்டிக்கொண்டால் பின்னால் வருவதும் சிக்கும். கால்களை அறுத்து எடுத்துவிட்டு, எல்லா முட்டுகளையும் சுவரிலிருந்தே கொடுத்தேன். சந்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடையில்லாமல் ஓட வேண்டும். மூலையில் அது முட்டுச்சந்தாக முடியக்கூடாது.

மூன்றாவது பிழைதான் எனக்குப் பெரிய பாடம். 20 சென்டிமீட்டர் உயரத்தை வெறும் தரையிலிருந்து அளந்துவிட்டேன். வைக்கோல் விரித்த பிறகு அளந்தால் கம்பிக்கு அடியில் 11 சென்டிமீட்டர்தான் இருந்தது. முதல் வாரத்துக் குட்டி எப்படியோ நுழைந்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் பாதி நுழைந்து மாட்டிக்கொள்ளும். கம்பியை 25க்கு ஏற்றி, அதன் அடியில் மட்டும் வைக்கோலை மெல்லிசாக விரித்தேன். அளவு எடுப்பதானால் படுக்கையின் மேல்மட்டத்திலிருந்து எடுங்கள்.

தரையையும் விடவில்லை. பழைய தரை கொத்தனார் கரண்டியால் வழவழவென்று தேய்த்தது. ஈரம் பட்டால் எனக்கே கால் வழுக்கும். வழுக்கும் தரையில் பன்றி மெதுவாகப் படுக்க நினைத்தாலும் முடியாது. மேலே ஒரு பூச்சுப் பூசி, காய்வதற்குள் கட்டை விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்தேன். ரொம்பச் சொரசொரப்பாகவும் இருக்கக்கூடாது. பால் குடிக்கும்போது குட்டிகள் முன்னங்கால் முட்டியைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கையால் தடவினால் பிடிப்புத் தெரிய வேண்டும், தோல் உரசக்கூடாது.

பெட்டி

கொட்டிலின் நீளச் சுவரோரம் 120க்கு 75 சென்டிமீட்டர் இடத்தைக் குட்டிகளுக்கென்று பிரித்தேன். எங்கே வைப்பது என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன தடவை பல்பு தொங்கியது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில். அங்கே தரை எப்போதும் ஈரம், கதவிடுக்குக் காற்றும் அங்கேதான் வரும். ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்து, தரையோரம் குந்தி உட்கார்ந்து, புகை எங்கே சாய்கிறது என்று பார்த்தேன். நின்றுகொண்டு பார்த்தால் காற்றே இல்லை என்று தோன்றும். குட்டி இருக்கும் உயரத்தில் புகை படுத்துக்கொண்டு ஓடியது. புகை நேராக எழுந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கருப்பி வழக்கமாகப் படுத்தால் அவள் மடி பார்த்திருக்கும் பக்கமும் அதுதான். பெட்டியை அங்கேயே வைத்தேன். பால் குடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் பெட்டிக்குள் வந்துவிடலாம்.

பக்கங்களுக்குத் தடிமனான பலகை. தாயின் பக்கம் மட்டும் அடியில் 28 சென்டிமீட்டர் திறந்து விட்டு, அதற்கு மேல் இரண்டு குழாய்கள். கருப்பி முதல் நாளே மூக்கைக் கீழே கொடுத்து மொத்தப் பலகையையும் நெம்பித் தூக்கிவிட்டாள். பன்றியின் கழுத்துக்கு மேல்நோக்கி நெம்பும் பலம்தான் அதிகம். எந்தத் தடுப்பையும் மேலிருந்தும் பூட்ட வேண்டும், வெறுமனே பள்ளத்தில் சொருகினால் நிற்காது. மேலும் கீழும் ஆணிப்பூட்டுப் போட்ட பிறகுதான் அசையாமல் நின்றது.

பெட்டிக்கு மூடி போட்டதுதான் நான் செய்ததிலேயே பெரிய லாபம். சாதாரண பிளைவுட், பாதி நிலையானது, பாதி கீல் வைத்துத் திறப்பது. சூடான காற்று மேலே போய்விடாமல் உள்ளேயே நிற்கிறது. மூடி இல்லாமல் 250 வாட் கேட்ட இடத்தில் மூடியோடு 175 வாட் தாராளமாகப் போதும். உள்ளே இருட்டாகவும் இருக்காது, காற்றும் அடிக்காது. தரையில் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் மேல் இழைப்புச் சீவல் நாலு விரல் கனம். சிமெண்ட் தரை குட்டியின் வயிற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எவ்வளவு பெரிய விளக்கு எரிந்தாலும் அடியில் விரிப்பு இல்லாவிட்டால் பாதி வீண்.

விளக்கு

தீயைப் பற்றிய பயத்தை நான் மறைக்க விரும்பவில்லை. வைக்கோலும் சீவலும் பிளைவுட்டும் இருக்கும் இடத்தில் இரவெல்லாம் எரியும் விளக்கு அது. கொட்டில் எரிந்தால் உள்ளே இருப்பவற்றுக்கு வெளியேற வழியில்லை.

விளக்கைச் சங்கிலியில்தான் தொங்கவிட வேண்டும், வயரில் ஒருபோதும் கூடாது. இரண்டு சங்கிலி, இரண்டு தனித்தனிக் கொக்கி. ஒன்று அறுந்தாலும் மற்றது விளக்கைப் படுக்கையில் படாத உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹோல்டர் பீங்கான். பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் இளகிவிடும். பல்பைச் சுற்றிக் கம்பிக் கூடு. மூடியில் விளக்குக்காக வெட்டிய ஓட்டையைத் தாராளமாக வெட்டி, விளிம்புக்குத் தகரம் அடித்தேன். வயர் கூரையோடு போய் மேலிருந்து இறங்குகிறது, கருப்பியின் வாய் எட்டும் தூரத்தில் ஓர் அங்குலம்கூட இல்லை. கொட்டிலுக்கென்று தனியாக, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றும், ஒரு புகை அலாரமும் வைத்தேன். குட்டி வருவதற்கு முன்பே இரண்டு நாள் விளக்கை எரியவிட்டு, மணிக்கொரு தடவை மூடியையும் வயரையும் தொட்டுப் பார்த்தேன்.

உயரம் கண்டுபிடிக்கக் குட்டி படுக்கும் மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து அரை மணி நேரம் விட வேண்டும். நம் முகத்துக்கு நேரே இதமாகத் தெரிவதை நம்பக்கூடாது. 250 வாட் பல்பை 50 சென்டிமீட்டரில் தொங்கவிட்டபோது நடுவில் 41 டிகிரி காட்டியது, ஓரத்தில் 29. 175 வாட்டுக்கு மாற்றி அதே உயரத்தில் வைத்ததும் நடுவில் 34, ஓரத்தில் அதைவிடக் குறைவு. அதுதான் எனக்கு வேண்டியது. சூடு அதிகம் என்று தோன்றினால் ஓரத்துக்கு நகர்ந்துகொள்ளக் குட்டிக்கு இடம் இருக்க வேண்டும்.

ஆனால் தெர்மாமீட்டரைவிடக் குட்டிகள் படுத்திருக்கும் விதம் நம்பகமானது. ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர்கிறது. விளக்கைச் சுற்றி வட்டமாக, நடுவை வெறுமையாக விட்டுப் படுத்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரு பக்கச் சுவரோரம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று வருகிறது. பக்கவாட்டில் சாய்ந்து, கால் நீட்டி, ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் வரிசையாகக் கிடந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஈற்று இரவு

110ஆம் நாள் கருப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கழுவிக் காய்ந்த கொட்டிலுக்கு மாற்றினேன். நாலைந்து நாள் முன்னாலேயே புது இடம் பழகிவிட்டால் ஈனும்போது மிரள மாட்டாள். 113ஆம் நாள் மதியத்திலிருந்து வாயில் வைக்கோல் கவ்விக்கொண்டு அலைய ஆரம்பித்தாள். நீள வைக்கோல் ஒரு கட்டுக் கொடுத்தேன். முன்னங்காலால் பறித்து, கவ்விக் கவ்வி அடுக்கி, மூன்று மணி நேரம் கட்டினாள். சாயங்காலம் காம்பை அழுத்தினால் பால் சொட்டியது. பெட்டி விளக்கைப் போட்டேன். தாயின் பின்புறம், குட்டி விழும் இடத்துக்கு நேராகச் சுவரோரம் இன்னொரு சின்ன விளக்கும் வைத்தேன். அது ஈற்று முடியும் வரைக்கும் மட்டும்.

முதல் குட்டி இரவு 10:40க்கு வந்தது. நானும் தம்பியும் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தோம். குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, உடம்பைத் துணியால் அழுத்தித் தேய்த்து உலர்த்தினோம். தொப்புள் கொடியை அயோடினில் முக்கி, நேரே காம்பில் வைத்தோம். துடைப்பதில் சோம்பல் கூடாது. ஈரம் ஆவியாகும்போது அது கொண்டுபோகும் சூடுதான் முதல் அரை மணி நேரத்தில் குட்டியைச் சாய்ப்பது. சீம்பால் உள்ளே போன பிறகே பெட்டிக்கு எடுத்துப் போனோம். பன்றிக்கு நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புச் சத்து குட்டிக்குப் போவதில்லை. எல்லாமே சீம்பாலில்தான் வரவேண்டும். குட்டியின் குடல் அதை அப்படியே ஏற்பதும் பிறந்த ஒரு நாள் அளவுக்குத்தான், நேரம் ஆக ஆக அதுவும் குறைந்துகொண்டே போகும்.

அதிகாலை மணி 2:15க்குள் 13 குட்டிகள். ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை. சராசரியாகப் பதினெட்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தது. தாய் முக்கிக்கொண்டே இருந்தும் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குக் குட்டி வராவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

ஒன்பதாவது வந்த குட்டி 800 கிராம்தான். சவலை. மற்றவற்றைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது தாயின் பின்பக்கமே கிடந்திருக்கிறது.

"அண்ணா, இது எழவே இல்லை" என்று தம்பி எடுத்துக் கொடுத்தான். வாய்க்குள் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வாய் குளிர்ந்த குட்டிக்கு முதலில் பால் கொடுக்கக்கூடாது. விழுங்கத் தெம்பு இருக்காது, புரையேறும். வாளியில் 40 டிகிரி வெந்நீர் எடுத்து, தலையை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு கழுத்து வரை அமிழ்த்தினேன். பத்து நிமிடத்தில் கால் உதைக்க ஆரம்பித்தது. நன்றாக உலர்த்தி, விளக்கின் கீழே வைத்தேன். வாய் சூடாகி, விரலைச் சப்பத் தொடங்கியதும் கருப்பியின் முன்காம்பிலிருந்து கறந்த சீம்பாலைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டேன். சுமார் 15 மில்லி குடித்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் தானே எழுந்து நின்றது. அதன் முதுகில் நீலக் கிரேயானால் கோடு போட்டோம், தனியாகக் கவனிப்பதற்காக.

காலையில் இன்னொரு வேலை. வயிறு நிறைந்த பெரிய குட்டிகள் ஆறுக்குச் சிவப்புக் கோடு போட்டு, பெட்டிக்குள் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தோம். அந்த நேரத்தில் சின்னவை போட்டியில்லாமல் குடித்தன. இதை முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டு தடவை செய்தோம். இரண்டு மூன்று நாளில் எந்தக் காம்பு யாருக்கு என்பது முடிவாகிவிடும். அதற்குள் சின்னவற்றுக்கும் தெம்பு வந்துவிட வேண்டும்.

பெட்டியின் வாயை மூடும் பலகைக்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. தாய் தீனிக்காக எழுந்து திரும்பப் படுக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது. முதல் மூன்று நாள் காலையிலும் மாலையிலும் தீனி வைப்பதற்கு முன் எல்லாக் குட்டிகளையும் பெட்டிக்குள் ஓட்டிப் பலகையைப் போட்டோம். அவள் தின்று, தண்ணீர் குடித்து, சாணி போட்டுவிட்டு வந்து படுத்த பிறகு திறந்தோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் மூடி வைக்கவில்லை. மணிக்கு ஒரு தடவையாவது பால் இறங்கும், அதுவும் இருபது நொடி அளவுக்குத்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் இரவு

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 12 குட்டிகளும் முதல் நாள் மாலைக்குள் பெட்டிக்குப் பழகிவிட்டன. குடிப்பது, நாலு எட்டில் பெட்டிக்குள் ஓடுவது, தூங்குவது. நீலக் கோடும் அப்படியே. இரண்டாம் நாள் இரவு 2 மணிக்குப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். 5 மணிக்கு வந்தால் பெட்டி இருட்டாக இருந்தது. பல்பு ஃபியூஸ் போயிருந்தது. 12 குட்டிகளும் தாயின் வயிற்றோரம் கும்பலாக ஒட்டிக் கிடந்தன. அதில் ஒன்று அசையவில்லை.

சுவரோரம் இல்லை, கொட்டிலின் நடுவில். குப்புறப் படுத்திருந்த கருப்பி பக்கவாட்டில் புரண்டிருக்கிறாள். நடுவில் புரள்வதற்குக் காப்புக் கம்பி உதவாது. நல்ல எடையுள்ள, வயிறு நிறைந்த, சிவப்புக் கோடு போட்ட குட்டி அது. மூன்று மணி நேரம் சூடு இல்லாமல் போனதும் பெட்டிக்குப் பழகிய அத்தனையும் தாயிடம் திரும்பிவிட்டன. நான் கட்டிய கம்பியும் பலகையும் அப்படியேதான் இருந்தன. இல்லாமல் போனது சூடு ஒன்றுதான்.

அன்று காலையே 175 வாட் ஒன்றுக்குப் பதிலாக 100 வாட் இரண்டு மாட்டினேன். ஒன்று போனாலும் மூடியோடு மற்றது விடியும் வரை தாக்குப்பிடிக்கும். மின்சாரம் போனால் வைப்பதற்கு நாலு வெந்நீர்ப் புட்டிகளும், அவற்றைச் சுற்றச் சாக்குத் துண்டும் தயாராக வைத்தேன். ஒரே ஒரு தடவை அது தேவைப்பட்டது. மூடியை இறக்கி, தாயின் பக்கத்துத் திறப்பில் சாக்கு தொங்கவிட்டு, உள்ளே புட்டிகளை வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் 4 டிகிரிதான் இறங்கியது. குட்டிகள் பெட்டியை விட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகு எழுத அதிகமில்லை. மூன்றாம் நாள் மருத்துவர் வந்து இரும்புச் சத்து ஊசி போட்டார். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, கொட்டிலில் வளரும் குட்டிக்கு அது வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். முதல் வாரக் கடைசியில் சங்கிலியை ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் வாரம் 28. மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் விளக்கை அணைத்துவிட்டேன். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் அன்றிரவு ஒரு தடவை போய் அவை படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தேன். ஒரு தடவை குவிந்து கிடந்தன, சங்கிலியை ஒரு கண்ணி இறக்கினேன்.

பால் மறக்கும்போது 11 குட்டிகள் இருந்தன. நீலக் கோடு எல்லாவற்றிலும் சின்னதுதான், ஆனால் தீனித் தொட்டிக்கு முதலில் ஓடி வருவது அதுதான்.

இப்போது கொட்டில் கழுவிக் காய்ந்து கிடக்கிறது. கருப்பி மறுபடியும் சினை. கம்பிகளின் போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று முறுக்கினேன், இரண்டு தளர்ந்திருந்தன. இரண்டு விளக்குகளும் இன்னும் ஒரே வயரில்தான் எரிகின்றன. பிரேக்கர் விழுந்தால் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும். இந்த வாரம் இரண்டாவது விளக்குக்குத் தனி வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டிக்குள் சூடு 26க்குக் கீழே போனால் என் படுக்கையறையில் மணியடிக்கிற மாதிரி ஒரு தெர்மோஸ்டாட்டும் மாட்டப் போகிறேன்.